புகைகிற கல்லும் கொட்டகை மூலை ஜியோபோனும்

கேள்வி, பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர். 9 நவம்பர் 2024

ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் 'புகைகிற கல்'. அங்கே இருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை என்று கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் சொல்கிறான். மூன்று மாதமாக எங்கள் வீட்டு அலமாரியில் சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்குப் பாத்திரங்கள் கிணுகிணுக்கின்றன. சில நாள் இரண்டு முறை. எரிமலை வெடிப்பதற்கு முன் சிறு சிறு நிலநடுக்கங்கள் வரும் என்று படித்திருக்கிறேன். கீழே ஏதோ விழித்துக்கொள்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. வீட்டில் அதிர்வுமானி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 நவம்பர் 2024, இரவு 10.40

நான் வைத்திருக்கிறேன். பாலக்கோட்டுக்கு வெளியே, மாட்டுக்கொட்டகை மூலையில், மூன்றடிக் குழியில் ஒரு ஜியோபோன். ஐந்து ஆண்டாக ஓடுகிறது. "சாயங்காலம் ஐந்து மணி" என்றதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. எரிமலை கடிகாரம் பார்ப்பதில்லை. கல்குவாரி பார்க்கும். நாளை ஞாயிறு. பாத்திரம் என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

10 நவம்பர் 2024

பாத்திரம் சும்மா இருந்ததாம். "ஒரு ஞாயிறை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்" என்றும் சேர்த்திருக்கிறார். எழுதவில்லை. நான்கு ஞாயிறு குறித்து வையுங்கள்.

பெயர் விஷயம் தனி. அருவி விழும் வேகத்தில் எழும் நீர்த்தூவல் தூரத்திலிருந்து பார்த்தால் புகை மாதிரிதான் இருக்கும். ஹொகே என்றால் புகை, கல்லு என்றால் கல். பரிசலில் போனவர்கள் எல்லோரும் அந்தப் 'புகை'யில் சட்டை நனைந்து வந்தவர்கள்தான்.

தங்கை மகன் சொன்னதை மட்டும் தள்ளிவிட முடியாது. அவன் சொல்வது கார்பனடைட் என்ற பாறை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த குழம்பு பூமிக்கடியிலேயே உறைந்து உண்டானது. ஒகேனக்கல்லில் இருப்பதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டு. திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் இதே வகைப் பாறைக்கு 77 கோடி. இன்றைக்கு இந்த வகைக் குழம்பைக் கக்குகிற மலை உலகத்திலேயே ஒன்றுதான், தான்சானியாவில் இருக்கும் ஓல் டோய்ன்யோ லெங்காய். மற்ற எரிமலைக் குழம்பைவிட அது எவ்வளவோ சூடு குறைவு, பகலில் பார்த்தால் கறுப்புச் சேறு ஓடுவது போலத்தான் தெரியும். நம் ஊரில் அடுப்பு அணைந்து 240 கோடி ஆண்டு ஆகிறது. பாத்திரம் இன்னும் கொதிக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

12 நவம்பர் 2024

கருவி என்ன, என்ன விலை என்று ஓசூரிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்.

சுருள்வில்லில் தொங்கும் செம்புச் சுருள், அதன் நடுவில் காந்தம். தரை ஆடினால் உறையும் காந்தமும் கூடவே ஆடும். சுருள் மட்டும் சோம்பேறி, நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த வித்தியாசத்தில் மின்னழுத்தம் பிறக்கிறது. முப்பது ஆண்டாக மோட்டார் வைண்டிங் செய்கிற எனக்கு இது மாமனார் வீடு மாதிரி, எங்கே என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எண்ணெய் தேடுகிறவர்கள் தரையில் குத்தி வைக்கும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன்தான். பழையதாக வாங்கினேன். அதனோடு ஒரு பெருக்கி, நொடிக்கு 100 முறை அளவெடுக்கும் சிறு கணினிப் பலகை. விலையைச் சொன்னால் என் மனைவியும் இதைப் படிப்பார், வேண்டாம்.

கருவி எதையும் விட்டுவைப்பதில்லை. அதுதான் தொல்லை. மாடு கால் மாற்றி நிற்பது, புளியமரம் காற்றில் அசைவது, தெருமுனையில் தண்ணீர் லாரி பள்ளத்தில் இறங்கி ஏறுவது, எல்லாம் வரும். தர்மபுரி–ஓசூர் ரயில் பாதை எங்களுக்கு ஒன்றரை கிலோமீட்டர். ரயில் போனால் திரையில் நூற்கதிர் மாதிரி இரண்டு முனையும் கூர்ந்து நடுவில் பருத்த ஓர் உருவம் விழும். முதல் ஆறு மாதத்தில் நான் 'கண்டுபிடித்த' நிலநடுக்கங்கள் 41. அதில் 38 எங்கள் லட்சுமி. மீதி மூன்றும் அவளுடைய கன்று.

குவாரி வெடி எப்படி இருக்கும் என்றால், எங்களுக்கு எட்டு கிலோமீட்டரில் ஜல்லிக்குக் கல் உடைக்கும் குவாரி ஒன்று இருக்கிறது. முதலில் வரும் பி அலைக்கும் அடுத்து வரும் எஸ் அலைக்கும் ஒரு நொடிதான் இடைவெளி. வெடி ஆழமில்லாத இடத்தில் நடப்பதால் அதன் பின்னாலேயே மேற்பரப்பு அலை தடிமனாக உருண்டு வரும். முதல் அசைவு எப்போதும் மேல்நோக்கித்தான், வெடி எல்லாத் திசையிலும் வெளியேதானே தள்ளும். பாறை வழுக்கி உண்டாகும் நிலநடுக்கம் ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம், நேற்றைய வெடியும் இன்றைய வெடியும் கார்பன் தாள் வைத்து எழுதியது போல ஒன்றாக இருக்கும். கிரானைட் பலகை எடுக்கும் குவாரிகளில் இப்போது வைரக்கம்பியால் அறுக்கிறார்கள். அங்கே கல் சிதறினால் நஷ்டம். பாத்திரத்தை ஆட்டுகிறவர்கள் ஜல்லிக்காரர்கள்.

17 நவம்பர் 2024

நேற்று ஒரு வாசகர், "எரிமலைக்காரர்கள் மட்டும் சின்னச் சின்ன அதிர்வை எண்ணி என்ன கண்டார்கள்?" என்று கேட்டிருந்தார். பாடமாகச் சொல்ல எனக்கு வராது. என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்கிறேன்.

மாமா ராயக்கோட்டைப் பக்கம் பாறை உடைத்தவர், வெடியில்லாத காலத்து வேலை. பாறை மேல் நூல் பிடித்து வரிசையாகக் குழி போடுவார். ஒவ்வொரு குழியிலும் இரும்பு ஆப்பு. சம்மட்டியால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு சுற்று, திரும்பி ஒரு சுற்று. மூன்றாவது சுற்றுக்குப் போகாமல் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பீடி பற்றவைப்பார். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டால், "கல் பேசுகிறது மாப்பிள்ளை, குறுக்கே பேசாதே" என்பார்.

காதைப் பாறையில் வைத்துக் கேட்டிருக்கிறேன். வெயிலில் காய்ந்த பாறை, காது சுடும். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், விரல் நெட்டி முறிப்பதில் நூற்றில் ஒரு பங்கு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எங்கோ ஓரத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு, மூன்று. முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்த சத்தம், போகப் போக ஆப்பு வரிசைக்கு நேர் கீழேயே வரும். அந்தக் கட்டத்தில் மாமா என் காதைப் பிடித்து இழுத்துத் தள்ளி நிறுத்துவார்.

1991-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பினாடுபோ மலையில் நடந்ததும் அதுதான். ஐந்நூறு ஆண்டாகத் தூங்கிய மலை, அடிவாரத்தில் அமெரிக்க விமானப்படைத் தளம், சுற்றி லட்சக்கணக்கான மக்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி மலைச்சரிவில் நீராவி வெடித்துக் கிளம்பியது. அந்த நாட்டு ஆய்வாளர்கள் கையில் தூக்கிப் போகும் அதிர்வுமானியைக் கொண்டுபோய் வைத்தார்கள். நாளொன்றுக்கு 40 முதல் 140 வரை சிறு நடுக்கங்கள். ஆனால் அது வழக்கமா, வழக்கத்துக்கு மாறானதா? யாருக்கும் தெரியாது, அதற்கு முன் அங்கே எவரும் எண்ணியதே இல்லை. அமெரிக்கக் குழுவும் வந்து சேர்ந்து மலையைச் சுற்றிப் பல நிலையங்கள் வைத்த பிறகுதான் இடம் தெரிந்தது. மே மாதம் பெரும்பாலான நடுக்கங்கள் உச்சியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வடமேற்கே. ஜூன் தொடக்கத்தில் உச்சிக்கு நேர் கீழே, அதுவும் ஆழம் குறைவாக. மாமாவின் ஆப்பு வரிசை. ஜூன் 15-இல் வெடித்தது, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. அதற்குள் பல்லாயிரம் பேரை அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

18 நவம்பர் 2024

நேற்று எழுதியதைப் படித்தால் நடுக்கத்தை மட்டும் எண்ணியே கண்டுபிடித்தார்கள் என்று தோன்றுகிறது. தப்பு. வாயுவையும் அளந்தார்கள். கந்தக டை ஆக்சைடு மே 13-இல் நாளுக்கு 500 டன், மே 28-இல் 5,000 டன்னுக்கு மேல். பிறகு திடீரென்று குறைந்தது, வாசல் அடைத்துக்கொண்டது போல. குறைந்ததைப் பார்த்து நிம்மதியடையாமல் பயந்தார்களே, அங்கேதான் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

24 நவம்பர் 2024

இரண்டாவது ஞாயிறும் பாத்திரம் ஆடவில்லை, மூன்றாவது ஞாயிறும் ஆடவில்லை. பென்னாகரத்து நண்பருக்கு இதில் ஏமாற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதர் எரிமலையின் மேல் ஆசையாக இருந்திருக்கிறார்.

அவர் அனுப்பிய கேள்வி: "எல்லா அதிர்வும் பாறை உடைவதுதானா?" இல்லை. ஜப்பானில் அசாமா மலையை ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த மினகாமி என்பவர் அதிர்வுகளை வகை பிரித்தார். பாறை முறியும் நடுக்கத்தில் பி, எஸ் இரண்டும் கத்தி போலத் தெளிவாக இருக்கும், காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தது மாதிரி. இன்னொரு வகை மெதுவானது, நொடிக்கு அரை முதல் ஐந்து ஆட்டம், தொடக்கமே மழுங்கலாக இருக்கும். பிளவுகளுக்குள் வாயுவோ நீரோ குழம்போ அடைபட்டு அதிர்வதால் வருவது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டதும் குழாயில் காற்றும் தண்ணீரும் முட்டிக்கொண்டு ஏறுமே, தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் மட்டும் குமுறுமே, அது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டிருக்கும் தர்மபுரிக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. கொலம்பியாவில் கலேராஸ் மலையில் பதிவானது. சட்டென்று தொடங்கி, வால் நீண்டு நீண்டு ஒரே சீராகத் தேய்ந்து மறையும். பார்க்க மர ஆணி மாதிரி, புரி போட்ட ஆணி. ஸ்பானிய மொழியில் 'தோர்னியோ', திருகாணி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1993 ஜனவரி 14-இல் ஆய்வாளர் குழு ஒன்று அந்த வாய்க்குள் இறங்கியிருந்தபோது மலை வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். முந்தைய வாரங்களில் திருகாணிகள் பதிவாகியிருந்தன. நாளொன்றுக்குச் சிலதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அமைதியான மலை என்றுதான் தோன்றும்.

4 டிசம்பர் 2024

நான்கு நாளாகப் பதிவு இல்லை. ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை, அங்கே வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனாலும் குழி கிணறாகிவிட்டது. ஜியோபோனை வெளியே எடுத்தால் தவளை ஒன்று அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. வைண்டிங் கடையில் நனைந்த மோட்டாரை உலர்த்துகிற அதே பல்பு வெளிச்சத்தில் இரண்டு நாள் காயவைத்தேன்.

பினாடுபோ வெடித்த அன்றே அந்த மலையின் மேல் யூன்யா புயலும் வந்து சேர்ந்தது. சாம்பலும் மழையும் கலந்து கூரைகளில் ஏறி, பாரம் தாங்காமல் கூரை விழுந்து இறந்தவர்கள்தான் அன்று அதிகம். மலையைச் சுற்றி வைத்த அதிர்வுமானிகளும் ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. என் தவளைக் கதையை இதோடு சேர்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

13 டிசம்பர் 2024, காலை

இதை யாராவது விளக்குங்கள். நேற்றிரவு 11.40 முதல் 1.10 வரை விடாமல் ஒரு ரீங்காரம். மாடு இல்லை, ரயில் இல்லை, லாரி இல்லை. அதிர்வெண் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது, பிறகு ஒரேயடியாக அறுந்து அமைதி. 2009-இல் அலாஸ்காவின் ரிடவுட் மலை வெடிக்கும் முன் இப்படித்தான் நடுக்கம் ஏறிக்கொண்டே போய், நொடிக்கு 30 ஆட்டம் வரை வந்து, ஒரு நிமிடம் போல அமைதியாகி, பிறகு வெடித்தது. எனக்கு எரிமலைமேல் நம்பிக்கை இல்லை. ஆனாலும் 1.10-க்குப் பிறகு கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

போர் வண்டியாக இருக்கும். மேற்கே யாரோ கிணறு போடுகிறார்கள்.

13 டிசம்பர் 2024, மாலை

போர் வண்டி இல்லை. விசாரித்தேன், பத்து நாளாக இந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை.

14 டிசம்பர் 2024

கண்டுபிடித்தது என் மனைவி. "மூன்றாவது வீட்டில் கல்யாணம், ஜெனரேட்டர் ஓடியதே, நீங்கள்தானே போய்ச் சாப்பிட்டு வந்தீர்கள்?" என்றார்.

டீசல் ஜெனரேட்டர். நிமிடத்துக்கு 1,500 சுற்று, நொடிக்கு 25. திரையில் இருந்ததும் 24 சொச்சத்திலிருந்து 25-க்கு ஏறிய கோடு. பந்தல் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க அணைக்கப் பாரம் குறைந்து எஞ்சின் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. கடைசியில் நிறுத்தினார்கள், அமைதி. முப்பது ஆண்டு மோட்டாரில் புரண்டவன் 25 என்ற எண்ணைப் பார்த்து அலாஸ்காவுக்குப் போயிருக்கிறேன். கடையில் யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஒன்று மட்டும் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்கிறேன். கொட்டகையில் ஐந்து ஆண்டுப் பதிவு இல்லாவிட்டால் 'இது புதிது' என்றுகூடத் தெரிந்திருக்காது. லட்சுமியின் 38 நிலநடுக்கங்களும் வீண் போகவில்லை.

15 டிசம்பர் 2024

பென்னாகரத்து நண்பர் என்னைச் சரியாகப் பிடித்துவிட்டார். "கல் பேசினால் உடையும் என்று ஆரம்பித்தீர்கள். பேசிவிட்டு உடையாத கல்லே இல்லையா?"

நிறைய. மாமாவின் பாறைகளில் சில மத்தியானம் முழுக்கப் பேசும், மூன்று சுற்று அடித்தாலும் அசையாது. விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறுநாள் போனால், இரவுக் குளிரில் தானாகப் பிளந்து கிடக்கும். சில கடைசி வரை பிளந்ததே இல்லை. ஆப்பைப் பிடுங்கிக்கொண்டு வேறு பாறைக்குப் போவார்.

1976-இல் கரீபியத் தீவான குவாதலூப்பில் 70,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு மாதக்கணக்கில் வெளியேறினார்கள். நீராவி வெடிப்புகளோடு மலை அடங்கிவிட்டது. விஞ்ஞானிகளுக்குள் நடந்த சண்டைதான் அதைவிடப் பெரிய வெடிப்பு. 1982 முதல் 84 வரை இத்தாலியின் பொட்சுவோலி நகரத்தில் தரை 1.8 மீட்டர் உயர்ந்தது, படகுத்துறையே மேலே ஏறி நின்றது, ஆயிரக்கணக்கில் நடுக்கங்கள். 40,000 பேர் இடம் மாறினார்கள். வெடிக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக ஜப்பானில் ஊசு என்று ஒரு மலை. அதைப் 'பொய் சொல்லாத மலை' என்பார்கள். நடுங்கினால் சில நாளில் வெடிக்கும். 1910-இல் நடுங்கியபோது சுமார் 15,000 பேரை அப்புறப்படுத்தினார்கள், ஓமோரி என்ற பேராசிரியர் அதிர்வுமானியோடு அங்கே போனார். 2000-இல் மார்ச் 27 வாக்கில் நடுக்கம் ஆரம்பம், மக்கள் வெளியேறினார்கள், 31-ஆம் தேதி வெடிப்பு, ஓர் உயிர்கூடப் போகவில்லை. மலைக்கு மலை குணம் வேறு. ஊசுவின் கணக்கைப் பொட்சுவோலியில் போட்டால் ஊரையே சும்மா காலி செய்ய வேண்டியதுதான்.

16 டிசம்பர் 2024

இரவெல்லாம் இது உறுத்தியது. 'பேசிவிட்டு அடங்கும்' பக்கத்தை மட்டும் எழுதினால் ஒன்டாகே எரிமலைக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே ஜப்பான். 2014 செப்டம்பர் 10-இல் 52 சிறு நடுக்கங்கள், 11-இல் 85. பிறகு குறைந்துவிட்டது. எச்சரிக்கை அளவு மிகக் கீழ்ப்படியிலேயே இருந்தது. 27-ஆம் தேதி, சனிக்கிழமை, இலையுதிர் காலம், உச்சியில் மலையேறிகள் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும் நேரம் வெடித்தது. இறந்தவர், காணாமல் போனவர் சேர்ந்து 63 பேர். 85 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அலுவலர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்? நான்தான் ஜெனரேட்டருக்கு மூச்சைப் பிடித்தவன் ஆயிற்றே.

18 ஜனவரி 2025

பொங்கலுக்குக் குவாரி விடுமுறை. போகி முதல் நான்கு நாள் திரை தண்ணீர் தெளிந்த குட்டை மாதிரி. லட்சுமிக்குக் கொம்பில் வர்ணம் பூசியபோது ஆடியதைத் தவிர ஒன்றுமில்லை.

15-ஆம் தேதி, மாட்டுப் பொங்கல் அன்று, அதிகாலை 2.17-க்கு ஒன்று விழுந்திருக்கிறது. மிகச் சிறியது. தூங்கிக்கொண்டிருந்தவர் யாரும் உணர்ந்திருக்க முடியாது. ஆனால் சுத்தமானது. பி அலை கூர்மையாக, கீழ்நோக்கி. மேற்பரப்பு அலை அவ்வளவாக இல்லை. ஒன்பது நொடி கழித்து எஸ்.

இதற்கு ஒரு விரற்கணக்கு உண்டு. இரண்டு அலைக்கும் இடையிலான நொடியை எட்டால் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும். இடிக்கும் மின்னலுக்கும் இடையே எண்ணுவது போல. ஒன்பது எட்டு எழுபத்திரண்டு. வரைபடத்தில் பாலக்கோட்டில் காம்பஸ் ஊசியைக் குத்தி வட்டம் போட்டேன். தெற்கே சேலம், வடகிழக்கே வாணியம்பாடி, வடமேற்கே கனகபுரா, எல்லாவற்றையும் அது ஏறத்தாழத் தொட்டுக்கொண்டு போகிறது. ஒரே நிலையத்தால் அதற்கு மேல் சொல்ல முடியாது. எங்கோ அந்த வட்டத்தின் மேல்.

பழைய பதிவைத் தோண்டினேன். 2021 நவம்பர் 29 அதிகாலை 4.17-க்கு வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டரில், 25 கிலோமீட்டர் ஆழத்தில் 3.6 அளவில் ஒரு நடுக்கம் என்று தேசிய நில அதிர்வு மையம் அறிவித்தது நினைவிருக்கலாம். வாணியம்பாடிப் பக்கம். அன்றைக்கு என் கொட்டகையில் இடைவெளி ஒன்பதரை நொடி. வடிவமும் ஓரளவு ஒத்துப்போகிறது. ஓரளவு என்றுதான் சொல்வேன். கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1960-களிலிருந்தே அணுகுண்டுச் சோதனைகளைக் கேட்க வரிசை வரிசையாகக் கருவிகள் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு இது கொசு. எனக்கு இது யானை.

எரிமலை இல்லாத ஊரிலும் பாறை அவ்வப்போது முதுகைச் சொறிந்துகொள்ளும். 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூரில் வந்தது 6 அளவில்.

9 பிப்ரவரி 2025

கிரேக்கத் தீவு சாண்டோரினியில் இரண்டு வாரமாக ஆயிரக்கணக்கில் நடுக்கம், 11,000 பேருக்கு மேல் கப்பலேறிவிட்டார்கள் என்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். "பார்த்தீர்களா?" என்று மூன்று பேர் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள், நான் ஏதோ பந்தயம் கட்டியது போல. எனக்குத் தெரிந்து அங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நடுக்கங்கள் இடம் நகர்கின்றனவா, மேலே வருகின்றனவா.

29 மார்ச் 2025

நேற்று மியான்மர். 7.7 அளவு. நம் நேரப்படி 11.50-க்கு அங்கே, 11.55 வாக்கில் என் கொட்டகையில். நாலரை நிமிடத்தில் 2,200 கிலோமீட்டர். நான் அப்போது ஒரு மூன்று குதிரைச் சக்தி மோட்டாருக்குச் சுருள் கட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. இரவு வந்து பார்த்தேன். அங்கே மனிதர்கள் புதைந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே ஒரு மெல்லிய நடுக்கக் கோடு. வெகுநேரம் பெரிதாக்கிப் பார்க்கவும் மனம் வரவில்லை.

30 மார்ச் 2025

ஒரு திருத்தம். ஜனவரியில் சொன்ன எட்டு மடங்குக் கணக்கை ஓசூர்த் தம்பி மியான்மருக்குப் போட்டிருக்கிறார். இடைவெளி மூன்றே முக்கால் நிமிடம், 225 நொடி. எட்டால் பெருக்கினால் 1,800 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று கேட்கிறார். அந்தக் கணக்கு பக்கத்தில் வரும் நடுக்கத்துக்கு மட்டும். தூரத்து அலை ஆழமாக இறங்கி வருகிறது, ஆழத்தில் பாறை இறுக்கம், அலைக்கு வேகம் அதிகம். மேலோட்டு வேகத்தை வைத்துப் போட்ட எட்டு அங்கே செல்லாது. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தம்பிக்கு ஒரு பாக்கெட் ஓசூர் ரோஜா, அவர் செலவிலேயே.

6 ஏப்ரல் 2025

சாண்டோரினி அடங்கிவிட்டது. பிப்ரவரி 10-இல் 5.3 அளவில் வந்ததுதான் பெரியது. வெடிப்பு இல்லை. போனவர்கள் திரும்பி வந்து கடை திறக்கிறார்கள். என் வீட்டுக்கு நேர் கிழக்கே, கிட்டத்தட்ட இதே அட்சரேகையில், 1,700 கிலோமீட்டரில் இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை இருக்கிறது, அந்தமானின் பாரன் (Barren) தீவு. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கிவிட்டு 1991-இல் எழுந்து, இன்றும் அவ்வப்போது புகைகிறது. மனிதர் யாரும் குடியில்லாத தீவு. ஒகேனக்கல்லை விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள் என்று பென்னாகரத்து நண்பரிடம் சொன்னேன்.

11 மே 2025

அவர் வேறு வேலை செய்துவிட்டார். ஜியோபோன் வாங்கிவிட்டார். ஓசூர்த் தம்பியும் ஒன்று வாங்கிப் பெருக்கியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று ஊசி, மூன்று வட்டம். மாட்டுப் பொங்கல் யானை இன்னொரு முறை வந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

"எங்கே புதைப்பது, தென்னந்தோப்பில் நிழலாக இருக்கிறதே" என்று கேட்கிறார். தென்னைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், காற்றடித்தால் வேரோடு தரையும் ஆடும். பாறை தென்படும் வரை தோண்டுங்கள், இரண்டடியிலேயே வந்தால் இன்னும் நல்லது. அடியில் சிமென்ட் போட்டு மட்டம் பாருங்கள். மேலே மூடி, மூடிக்கு மேல் கல். தண்ணீர் வடிய ஓரத்தில் ஒரு கால்வாய். பாத்திர அலமாரிக்கும் குழிக்கும் நடுவே சுவர் ஒன்றாவது இருக்கட்டும். முதல் ஆறு மாதம் நீங்கள் எதைக் கண்டுபிடித்தாலும் எனக்கு அனுப்பாதீர்கள், முதலில் மாட்டைப் போய்ப் பாருங்கள்.